வில்லுப்பாட்டை ‘ஷஃபிள்’ போட முடியாது! - ஒரு நாஞ்சில் நாட்டுக் காதின் ஆல்பக் கணக்கு

இசக்கியம்மன் கதையை வில்லில் பாடும்போது, அவள் பிறப்பதற்கு முன்னாலேயே பழிவாங்குவதைப் பாடிவிட முடியுமா? முடியாது. காப்புப் பாட வேண்டும். குருவை வணங்க வேண்டும். சபையிடம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கதை. நடுச்சாமம் தாண்டி, குடமும் உடுக்கும் வேகம் பிடிக்கிற ஓர் இடம் வரும். அதுவரை ஓரமாகக் கைகட்டி நின்ற கோமரத்தாடிக்கு அப்போதுதான் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். வரிசை தப்பினால் சாமி வராது. எங்கள் பக்கத்து அம்மன் கொடைகளில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நல்ல இசை ஆல்பத்துக்கும் என் அளவுகோல் அதுதான். நான்காவது பாட்டு ஏன் நான்காவதாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அதைப் பிடுங்கி முதலில் வைத்தால் எங்கேயோ வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அது ஆல்பம் இல்லை, பாட்டு மூட்டை.

இன்றைக்குப் போனில் பாட்டுக் கேட்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது என்ன என்பதை ஏதோ ஒரு கணக்கு முடிவுசெய்கிறது. நாம் கேட்பது இல்லை, நமக்கு ஊட்டப்படுகிறது. எனவே நாற்பது வருஷமாகப் பாட்டுக் கேட்டவன் என்ற ஒரே தகுதியில், முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டியவை என்று நான் நினைக்கும் சில ஆல்பங்களைப் பற்றிச் சொல்கிறேன். சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை நான். இவை ஒரு ரசிகனின் அபிப்பிராயங்கள். சண்டைக்கு வரலாம்.

மூன்று குழாய்களுக்கு நடுவே ஒரு வீடு

என் ஊர் தக்கலை. ஒரு பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை, இன்னொரு பக்கம் குமாரகோவில், ஊருக்குள்ளேயே பீர்முகமது அப்பா தர்கா, நடந்து போகும் தூரத்தில் தேவாலயங்கள். நவராத்திரிக்கு அரண்மனையிலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலம் போவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாள் கச்சேரி. தர்காவின் ஆண்டு விழாவிலோ அப்பா எழுதிய ஞானப்புகழ்ச்சியை இரவெல்லாம் ஒரே குரலாகப் பாடுவார்கள். அதையும் நடுவில் வெட்டி, பிடித்த பாட்டை மட்டும் கேட்க முடியாது. உட்கார்ந்தால் விடியும்வரை உட்கார வேண்டும்.

ஆகவே பாட்டை நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. அது கூம்பு ஒலிபெருக்கி வழியாக வீட்டுக்குள் வந்து விழும். விடிகாலையில் ஒரு குழாயில் எம்.எஸ்.சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம். செவ்வாய்க்கிழமை என்றால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசம். இன்னொரு குழாயில் நாகூர் ஹனிபா. மூன்றாவதில் கிறிஸ்தவக் கீர்த்தனை. பரீட்சை நேரத்தில் மூன்றும் சேர்ந்து வந்தால் என் பாட்டா திண்ணையில் உட்கார்ந்து, “மக்கா, சாமிமாருக்கே காது கேக்காது போலிருக்கு” என்பார்.

சுப்ரபாதத்தில் இருந்தே தொடங்குகிறேன். 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட இசைத்தட்டு. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் எம்.எஸ். மகள் ராதா விஸ்வநாதனின் குரல் கூடவே வருவதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்காததற்குக் காரணம், இந்தத் தட்டை யாரும் கேட்பதே இல்லை என்பதுதான். தண்ணீர் பிடித்துக்கொண்டு, பல் துலக்கிக்கொண்டு, காபி ஆற்றிக்கொண்டு அதற்குள் நடமாடுகிறோம். ஒருமுறை மத்தியானம் மூன்று மணிக்கு, யாரும் இல்லாத வீட்டில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களம் என்ற நான்கு பகுதிகளிலும் ராகமும் நடையும் எப்படி மாறுகின்றன என்பது அப்போது தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. எழுப்பியாயிற்று, வேண்டியாயிற்று, இனி வாழ்த்து மட்டும்தான் என்ற நிம்மதி அதில் இருக்கிறது.

தமிழில் வந்த பக்தி இசைத்தட்டுகளில் ‘கிருஷ்ண கானம்’தான் முதலிடம் என்பேன். கண்ணதாசன் எழுத்து, எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. சினிமாக்காரர்கள் எல்லோரும் கூடி, சினிமா இல்லாமல் எடுத்த சினிமா அது. டி.எம்.சௌந்தரராஜன் மூங்கிலைக் கூப்பிட்டுப் பேசுகிறார். எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஆயர்பாடிக் குழந்தையைத் தூங்கவைக்கிறார். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வேஷம், ஒரு காட்சி. தாலாட்டுப் பாட்டு மட்டும் தனியாகப் புகழ் பெற்றுவிட்டது. அதைத் தனியாகக் கேட்டால் இனிப்பு. மற்றவற்றோடு வரிசையில் கேட்டால் சாப்பாட்டுக்கு நடுவில் வரும் பாயசம் மாதிரி, அதற்கு வேறு ருசி. எங்கள் ஊர் சாப்பாட்டில் பாயசத்துக்குப் பிறகும் சோறும் மோரும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடை என்றால் எல்.ஆர்.ஈஸ்வரி. அம்மன் பாட்டுக்கு அந்தக் குரல்தான் என்று ஊரே ஒப்புக்கொண்ட விஷயம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவரின் முழுப்பெயர் லூர்துமேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி. எத்தனை முத்தாரம்மன் கோயில் குழாய்களில் எத்தனை வருஷம் அந்த லூர்துமேரி பாடியிருப்பார்! சபரிமலையில் நடை சாத்தும்போது ஒலிக்கும் ஹரிவராசனமும் அப்படித்தான். 1975-ல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக ஜி.தேவராஜன் இசையமைத்தது. பாடிய யேசுதாஸ் கொச்சியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தேவராஜனோ கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்று அறியப்பட்டவர்.

நாகூர் ஹனிபாவை ஒரு ஆல்பத்தில் அடைக்க முடியாது. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் பாட்டை எந்த மதத்துக்காரரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அவருடைய கட்சிப் பாட்டுகளும் பக்திப் பாட்டுகளும் ஒன்றாகப் பதிந்த ஒரு கேசட்தான் இஷ்டம். யாரோ ரெக்கார்டிங் கடைக்காரர் கலந்து போட்டது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் அந்தத் தொண்டைக்குத் தொழுகையும் மேடையும் ஒரே தூரம்தான். 2015-ல் அவர் காலமானபோது தக்கலைக் கடைத்தெருவில் பல கடைகளில் அவர் குரல்தான்.

பாதிரியார் பெர்க்மான்ஸின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், இசையாக அதில் பெரிய வேலைப்பாடு இல்லை. பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வந்துகொண்டே இருந்தவை. ஆனால் அவை காதுக்காகச் செய்யப்பட்டவை அல்ல, வாய்க்காக. முதல் தடவை கேட்கும்போதே இரண்டாவது அடியில் கூடப் பாடலாம். அது எளிதாகக் கைவரும் வித்தை இல்லை. இதற்கு நேர்மாறானது எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சபைகளின் பாடகர் குழு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நான்கு குரல்கள் நான்கு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து சேரும். ‘திருடா திருடா’வில் ஷாகுல் ஹமீது பாட, வெறும் மனிதக் குரல்களே பக்கவாத்தியமாக நிற்கும் ஒரு பாட்டு உண்டு. 1993-ல் அதை ஏ.ஆர்.ரஹ்மான் போட்டபோது தமிழ்நாடே வியந்தது. எங்கள் ஊர் கிறிஸ்துமஸ் கீதக்காரர்கள், ‘இதைத்தானே நாங்க வருஷாவருஷம் செய்யுதோம்’ என்றார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது எங்கள் ஊரை ஒரு மதநல்லிணக்கக் காலண்டர் படமாக வரைந்துவிடக் கூடாது. 1982-ல் மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தது. துப்பாக்கிச்சூடும் உயிரிழப்பும் நடந்த அந்த மாதங்களுக்குப் பிறகு, சில தெருக்களில் குழாய்கள் பக்திக்காகப் பாடவில்லை, போட்டிக்காகப் பாடின. எதிர்த்த குழாயைவிட ஒரு சுற்று அதிகமாக வால்யூமைத் திருகுவது ஒரு வீரமாக இருந்தது. அதே வருஷங்களில் எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் மட்டும் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கடை திறந்ததும் முதலில் ஒரு முருகன் பாட்டு, அடுத்து ஹனிபா, அடுத்து ஒரு மாதா பாட்டு. மூன்றும் ஒரே கேசட்டில் வரிசையாகப் பதிந்தவை. ஒருவர் வந்து, “ஓய், இதில ஒண்ண மாத்தும்” என்றபோது, “டேப்பு ஓடிட்டு இருக்கு, நடுவில மாத்த முடியாது” என்று டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கலவரத்தை அவர் நிறுத்திவிடவில்லை. ஆனால் அந்தக் கடையில் நின்ற பதினைந்து நிமிஷம், பிடிக்காத பாட்டையும் எல்லோரும் கேட்டாக வேண்டியிருந்தது. கூம்பு ஒலிபெருக்கிகள் மறுபடி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காது போய்விடும். ஆனால் இப்போது ஒவ்வொருவர் காதிலும் அவரவர் சாமியின் பாட்டு மட்டும் ஒலிக்கும்போது எனக்கு அந்த டீக்கடை ஞாபகம் வருகிறது.

பாக் வந்த வீடு

‘ஆல்பம்’ என்ற சொல்லே ஒரு விபத்து. பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குமேல் இடம் கிடையாது. நீளமான இசை என்றால் ஐந்தாறு தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி உறைகளில் செருகிக் கட்டி விற்றார்கள். 1948-ல் எல்.பி. வந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்குமேல் அடங்கியபோதும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தலைமுறை கேசட் தலைமுறை. ஏ பக்கம் முப்பது நிமிஷம், பி பக்கம் முப்பது நிமிஷம். திருப்பிப் போடும் அந்த இடைவெளியில்தான் கேட்டதைப் பற்றி யோசிப்போம்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-ல் அப்படித்தான் என் கைக்கு வந்தது. சினிமா இல்லை, பாடகர் இல்லை, பாட்டு வரியும் இல்லை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டிருந்தது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்க, பின்னால் நரம்புக் கருவிகள் கடலாக எழும். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியில் பாக்கின் வயலின் இசை ஒன்று அப்படியே ஓடுகிறது. அதன் மேல் இளையராஜா தன் வாத்தியக்குழுவைப் பேசவிடுகிறார். வந்த விருந்தாளியின் பேச்சை வெட்டாமல், கூடவே ‘உம்’ கொட்டி, நடுநடுவே தன் ஊர்க் கதையையும் சொல்லும் வீட்டுக்காரர் மாதிரி. இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திரா ‘வீடு’ படத்துக்கு இந்த இசையைத்தான் பின்னணியாக வைத்துக்கொண்டார். ஒரு நடுத்தரக் குடும்பம் செங்கல் செங்கலாக வீடு கட்டுகிற கதைக்கு இது எப்படிப் பொருந்தியது என்று யோசித்தால், இந்த இசையே அப்படிக் கட்டப்பட்டதுதான் என்று தோன்றுகிறது.

அடுத்து 1988-ல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’டில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். பலர் இதைத்தான் உசத்தி என்பார்கள். எனக்கு இது கொஞ்சம் அழகு கூடிய பிள்ளை. முன்னதில் இருந்த பிடிவாதம் இதில் இல்லை.

2005-ல் வந்த ‘திருவாசகம்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மாணிக்கவாசகரின் சைவப் பாடல்களை புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு இளையராஜா இசைக்க, அதை முன்னின்று கொண்டுவந்தவர் எங்கள் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பார். அந்தச் செய்தியே எனக்குப் பெருமை. ஆனால் ஆல்பமாக? பெரிய குழு எழும்பி வரும் இடங்களில் திருவாசகத்தின் சொல் எனக்கு நழுவிவிடுகிறது. வாத்தியங்கள் எல்லாம் பின்வாங்கி, அந்தத் தழுதழுத்த ஒற்றைக் குரல் மட்டும் நிற்கிற இடங்களில் உருகாதவன் கல். அந்த இடங்கள் இன்னும் நிறைய இருந்திருக்கலாம்.

குடமும் கடமும்

வில்லுப்பாட்டில் மண்குடத்தின் வாயில் கமுகம்பாளையால் செய்த பத்தியால் அடிப்பார்கள். ‘தும் தும்’ என்று வயிற்றுக்குள் இருந்து வரும் ஒலி. அந்தக் காதோடுதான் நான் ‘சக்தி’யைக் கேட்டேன். மஸ்கட்டில் இருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில் சோப்பு, சென்ட், டூ-இன்-ஒன் இவற்றோடு வந்த கேசட் அது. ஆங்கிலேயரான ஜான் மெக்லாலின் கிதார், எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச்.விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம். 1975-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மேடையில் பதிவுசெய்து மறு வருஷம் வந்தது. மொத்தமே மூன்று உருப்படிதான். அதில் ஒன்று கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

முதல் உருப்படியிலேயே எல்லோரும் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவது மாதிரி ஓடுகிறார்கள். மேதைகள்தான். ஆனால் முதல் தடவை கேட்பவருக்கு மூச்சு வாங்கும். நடுவில் வரும் ‘லோட்டஸ் ஃபீட்’டில்தான் அவர்கள் உட்காருகிறார்கள். எனக்கு அந்த ஆல்பமே அந்தச் சில நிமிஷங்கள்தான். அப்புறம் விநாயக்ராமின் கடம். மண்பானை மேடையின் ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்த கதை அது. அதே சக்தி குழு, ஆட்கள் சிலர் மாறி, 2024-ல் ‘திஸ் மொமென்ட்’டுக்காகக் கிராமி வாங்கியது. ஆனால் நான் பழைய கேசட்காரன்.

இந்துஸ்தானி பக்கம் நுழைய ஒரே கதவு காட்டச் சொன்னால் 1967-ல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’யைக் காட்டுவேன். சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிதார். மலைப் பள்ளத்தாக்கில் ஓர் இடையனின் ஒரு நாள். விடியலுக்கு ஆஹிர் பைரவ், அந்திக்கு பூப், இரவு கனிந்து முடியும்போது பஹாடி. நம் கணக்கில் சொன்னால் சக்கரவாகத்துக்குப் பக்கத்து வீட்டில் தொடங்கி, மோகனம் வழியாகப் போகிற பயணம். ராகத்தின் நேரமே பாட்டின் வரிசையாகிவிட்டது. இதை ஷஃபிள் போட்டால் சூரியன் மத்தியானம் உதிக்கும்.

ஜாஸ் என்றால் பயப்படுபவர்களுக்கு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’. 1959-ல் இரண்டே நாள் பதிவில் முடிந்தது. பதிவுசெய்த நியூயார்க் ஸ்டூடியோ ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். வாத்தியக்காரர்களுக்கு முன்கூட்டி ஒத்திகை கிடையாது. ஸ்வர வரிசைகளின் குறிப்பை மட்டும் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார் மைல்ஸ். கடைசி உருப்படியான ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ஸில் ஐந்து ஸ்வர வரிசைகள். ஒவ்வொன்றிலும் வாசிப்பவர் தனக்குப் போதும் என்று தோன்றும்வரை தங்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இதை நம் ஊரில் ராகமாலிகையில் ஆலாபனை என்றால் எல்லோருக்கும் புரியும். வித்தியாசம், இங்கே யாரும் வித்தை காட்டவில்லை. அடுத்தவர் வாசிக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள். மழை விட்ட பிறகு ரப்பர் தோட்டத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுமே, அந்த மாதிரி இசை. ஜான் கால்ட்ரேன் மட்டும் கொஞ்சம் பொறுமை இழந்து நிறையப் பேசுகிறார். அதுவும் வேண்டியிருக்கிறது.

ஒப்பாரியும் முப்பது பவுண்டும்

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973-ல் வந்தது. அமெரிக்க ஆல்பப் பட்டியலில் எழுநூறு வாரங்களுக்கு மேல் இருந்தது என்பதால் அதைப் பெரிய ஆல்பம் என்பார்கள். அது வியாபாரக் கணக்கு. எனக்கு அது பெரிய ஆல்பமாக இருப்பதற்குக் காரணம் நடுவில் வரும் ஒரு பெண் குரல். சாவைப் பற்றிய பகுதி. பாட்டு வரி எதுவும் கொடுக்காமல் கிளேர் டோரி என்ற பாடகியைப் பாடச் சொன்னார்கள். அவர் சொல்லே இல்லாமல் வீறிட்டு, கெஞ்சி, அடங்கி, ஓய்ந்து பாடினார். என் ஆத்தா செத்த வீட்டில் வடசேரியில் இருந்து வந்த ஒரு கிழவி ஒப்பாரி வைத்ததைக் கேட்டிருக்கிறேன். சொல்லெல்லாம் தீர்ந்துபோன பிறகு வெறும் குரல் மட்டும் எழும்பும் ஒரு கட்டம் அதில் வந்தது. லண்டனில் பாடியதும் அதேதான்.

அந்த வேலைக்கு டோரிக்குக் கிடைத்தது முப்பது பவுண்டு. அந்த இசையை உருவாக்கியதில் தனக்கும் பங்குண்டு என்று முப்பது வருஷத்துக்குப் பிறகு வழக்குப் போட்டு, 2005-ல் சமரசமாகி, இப்போது அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. நம் ஊரில் ஒப்பாரிக் கிழவிக்கும் வில்லில் குடம் அடிப்பவருக்கும் கேசட் அட்டையில் பெயர் போட்டிருக்கிறோமா? கொடைத் திருவிழாக்களில் விற்ற வில்லிசைக் கேசட்டுகளில் புலவரின் படம் இருக்கும். பத்தி அடித்தவர் யார், உடுக்கு யார், கூடப் பாடிய பெண் யார் என்பது பல அட்டைகளில் இருக்காது. டேப்பில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர்கள் ஞாபகம் உள்ளவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால், அட்டையின் பின்னால் தெரிந்த பெயர்களை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’? ஒன்பது பாட்டு, அதில் ஏழு தனித்தனியாகவும் வெளிவந்து அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவை. திருவிழாக் கடைத்தெரு மாதிரி, எந்தக் கடையில் நுழைந்தாலும் சந்தோஷம். ஆனால் என் வில்லுப்பாட்டுச் சோதனையில் தோற்றுப்போகும். எந்தக் கடைக்கு முதலில் போனாலும் ஒன்றுதான்.

சோதனையில் ஜெயிக்கும் ஒன்றை என் அண்ணன் மகள்தான் கேட்கவைத்தாள். கென்ட்ரிக் லமாரின் ‘டு பிம்ப் எ பட்டர்ஃபிளை’. 2015-ல் வந்த அமெரிக்க ராப் ஆல்பம். வசவுச் சொற்கள் நிறைய உண்டு, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கவனம். “சித்தப்பா, நடுவில நிப்பாட்டக் கூடாது” என்று நிபந்தனை போட்டாள். பாட்டுகளுக்கு இடையில் அவர் ஒரு கவிதையின் சில வரிகளைச் சொல்கிறார். அடுத்த முறை அதே வரிகளோடு இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில்தான் முழுக் கவிதையும், அதை அவர் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் தெரிகிறது. எங்கள் அண்ணாவி கதையை வசனமாகச் சொல்லி, பாட்டாக மாற்றி, விட்ட இடத்தில் இருந்து மறுபடி பிடிப்பாரே, அதே வித்தை. தமிழில் 2019-ல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குரல்’ இந்தத் திசையில் நல்ல தொடக்கம். பறையும் ராப்பும் பேசிக்கொள்வதைக் கேட்க அவளும் நானும் ஒரே ஹெட்செட்டை ஆளுக்கொரு காதாகப் பங்குபோட்டோம்.

ஒழுகினசேரிக்காரரை விட்டுவிட்டு நாஞ்சில் நாட்டான் பட்டியல் போடக் கூடாது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் ‘கிந்தனார்’ காலட்சேபம், 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இருக்கிறது. நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார் என்றால், இந்தக் கிந்தனார் பள்ளிக்கூடத்துக்குப் போக ஏங்குகிறான். அதை வெறும் காமெடியாகப் பார்ப்பவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. கதை, பாட்டு, கிண்டல், நடுநடுவே பின்பாட்டுக்காரரின் குறுக்குக் கேள்வி என்று ஒரு முழு ஆல்பம் அது. படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக் கேளுங்கள்.

இந்தப் பட்டியலை என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. மலையாளப் பாட்டு கேட்டு வளர்ந்தவள். “சலில் சௌத்ரியோட ‘செம்மீன்’ எங்க?” என்பது முதல் கேள்வி. 1965-ல் வந்த படம். வங்காளத்துக்காரர் இசைக்க, மன்னா டே வந்து மலையாளத்தில் பாடிய கடல். நியாயமான கேள்விதான், சேர்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் இல்லை. “முழுசா கேக்கணும், நடுவில எந்திரிக்கக் கூடாதுன்னு எழுதிட்டு இருக்கீங்களே... நாப்பது நிமிஷம் எந்திரிக்காம இருக்கதுக்கு எந்த வீட்டில எந்தப் பொம்பளைக்கு நேரம் இருக்கு? நானும் இந்தப் பாட்டெல்லாம் முப்பது வருஷமா கேட்டேன். குக்கர் சத்தத்துக்கு நடுவில, பாதிப் பாதியா. சுப்ரபாதத்தில அந்தக் கடைசிப் பகுதி பிடிக்கும்னு எழுதியிருக்கீங்க. அது வரும்போது நான் எப்பவும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிட்டு இருப்பேன்.”

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றில் இருந்து பன்னிரண்டு வரை அடுக்களை என் பொறுப்பு. அவள் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறாள். என்ன ஆல்பம் என்பது அவள் முடிவு. போன வாரம் ‘கால் ஆஃப் தி வேலி’. சாளை மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தபோது சந்தூர் கேட்டது. தேங்காய் அரைக்க மிக்ஸியைப் போட்டேன். “அத கொஞ்சம் நிப்பாட்டுங்கோ” என்று கூடத்தில் இருந்து சத்தம் வந்தது.